பெரிய டயரின் கணக்கு

பெரிய டயர் போட்டால் தரையில் படும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடிமானம் கூடும் என்பது டயர் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. இயற்பியல் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு டன் எடையுள்ள ஒரு ஜீப்பில் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 500 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் இரண்டரை கிலோவைச் சுமக்கும். 500-ஐ இரண்டரையால் வகுத்தால் 200. தரையில் படியும் பரப்பு அவ்வளவுதான்: ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கில் டயரின் விட்டம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 31 அங்குல டயரானாலும் 37 அங்குல டயரானாலும், காற்று ஒன்றென்றால் படியும் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயரின் பக்கச்சுவருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் விறைப்பு உண்டு. அதனால் எண்கள் சற்று முன்பின் ஆகும். போக்கு மாறாது. பரப்பை இரட்டிக்க வேண்டுமென்றால் காற்றைப் பாதியாக்க வேண்டும்.

அப்படியானால் பெரிய டயர் எதற்கு? காற்றை இறக்கத்தான். சின்ன டயரில் காற்றை இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். பக்கச்சுவர் மடங்கிக் கிழியும். உயரமான பக்கச்சுவரும் நிறையக் கொள்ளளவும் உள்ள டயர், மிகக் குறைந்த அழுத்தத்திலும் ரிம்மைத் தரையில் படவிடாமல் தாங்கும். பெரிய டயர் தருவது பிடிமானமல்ல, காற்றைத் திறந்துவிடும் உரிமை. டயர், சஸ்பென்ஷன் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கும் பலர், அந்த உரிமையை ஒருநாளும் பயன்படுத்தாமலே வண்டியை விற்றுவிடுகிறார்கள்.

இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அந்த நாட்டின் உட்பகுதி பனியாறும் எரிமலைச் சாம்பலுமாகக் கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே போவதற்காக, 1980-களில் அவர்கள் சாதாரண ஜீப்புகளிலும் டொயோட்டா ஹைலக்ஸ்களிலும் 38 அங்குல, 44 அங்குல டயர்களை மாட்டத் தொடங்கினார்கள். பனியாற்றின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, காற்றை மூன்று பி.எஸ்.ஐ. வரை இறக்குவார்கள். அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். சக்கரத்துக்கு 500 கிலோ என்றால், மூன்று பி.எஸ்.ஐ.யில் படியும் பரப்பு 2,300 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. 47 சென்டிமீட்டர் அகலமும் அரை மீட்டர் நீளமும் கொண்ட ஒரு தடம். எழுபது கிலோ ஆள் ஒற்றைக்காலை ஊன்றி அடியெடுத்து வைக்கும்போது பனிமீது விழும் அழுத்தம் சுமார் ஐந்து பி.எஸ்.ஐ. ஆக, ஓட்டுநர் இறங்கி நடந்தால் புதைகிற பனியில் அவருடைய இரண்டு டன் வண்டி புதையாமல் போகும்.

2016 டிசம்பரில் ஒரு ஹூண்டாய் சாண்டா ஃபே அன்டார்க்டிகாவைக் கடந்தது. ஓட்டியவர் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கொள்ளுப்பேரன் பேட்ரிக் பெர்கல். வண்டியைத் தயார்செய்தது ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம். அதன் எஞ்சின் கடையில் கிடைக்கும் 2.2 லிட்டர் டீசல்தான்; வித்தியாசம் கீழே இருந்தது, 38 அங்குல டயரும் மிகக் குறைந்த காற்றும். அந்த வண்டியின் சக்கர மையத்துக்குள் வேறொரு மாற்றமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காற்றை இறக்கும் இந்த அறிவு ஐஸ்லாந்தில் பிறந்ததில்லை. 1920-களின் இறுதியில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு வண்டிகளை ஓட்டித் திரிந்த ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, டயர் காற்றை இறக்கினால் பொலபொலவென்ற மணலிலும் போகலாம் என்று பழகி அறிந்தார். அவரே பிறகு மணலும் மணற்குன்றுகளும் காற்றில் எப்படி நகர்கின்றன என்பதைப் பற்றி 1941-இல் வெளியிட்ட நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல். அடுத்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறக்கிய டக் என்ற நீர்நில லாரியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றை ஏற்றி இறக்கும் வசதி இருந்தது. கடலிலிருந்து கடற்கரை மணலுக்கு ஏறும்போது இறக்குவார்கள், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுவார்கள்.

மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்த மெச்சிஸ்லாவ் பெக்கர். 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியின் வடிவமைப்பில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தச் சக்கரம் ரப்பரே இல்லாதது. கம்பி வலையால் பின்னியது. காற்றில்லாத நிலவில் காற்றை இறக்கிய டயர் செய்யும் வேலையை அந்த வலை செய்தது: எடையைத் தாங்கித் தட்டையாகி, தரையில் நீளமாகப் படிந்தது.

‘நீளமாக’ என்பது முக்கியம். சக்கரம் இளகிய மண்ணில் புதையும்போது தனக்கு முன்னால் ஒரு சிறு வரப்பைத் தள்ளிக்கொண்டே போகிறது. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் அந்த வரப்பு. அதனால் ஒரே பரப்பைக் குறுக்கே பரப்புவதைவிட நெடுக்கே பரப்பினால் தள்ளவேண்டிய மண் குறைவு. காற்றை இறக்கும்போது தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. விட்டம் பெரிய டயரில் இன்னும் நீளமாக வளர்கிறது. அகலமா ஒடுக்கமா என்ற வாதம் ஆஃப்-ரோடு ஆட்களிடையே ஓய்வதேயில்லை. 255/85 ஆர்16, 285/75 ஆர்16 இரண்டுமே 33 அங்குல உயரம்தான். முதலாவது மூன்று சென்டிமீட்டர் ஒடுக்கம். ஆழமான மணலில் அகலம் உதவும். மேலே சேறும் அடியில் கெட்டித் தரையுமாக இருக்கும் பாதையில் ஒடுக்கமானது சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். ஊர்ப்பாதையும் மலைப்பாதையும் கலந்து ஓட்டுகிறவருக்கு ஒடுக்கமும் உயரமுமே மேல் என்பது என் முடிவு. பார்வைக்கு அகலம்தான் அழகு, அதை மறுக்கவில்லை.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பது எளிது. 285/70 ஆர்17 என்றால் அகலம் 285 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 200 மில்லிமீட்டர். ரிம் 17 அங்குலம். இரண்டு சுவரையும் ரிம்மையும் கூட்டினால் 831 மில்லிமீட்டர், 32.7 அங்குலம். ஜீப் ரேங்ளர் ரூபிகானில் தொழிற்சாலையிலிருந்தே வரும் ‘33’ இதுதான். மஹிந்திரா தாரின் 255/65 ஆர்18-ஐ இதேபோல் கணக்கிட்டால் 31 அங்குலம், பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர். ஆஃப்-ரோடுக்குச் சின்ன ரிம்மைத் தேடுகிறவர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது இதில் தெரியும். வெளிவிட்டம் ஒன்றாக இருந்து ரிம் பெரிதானால், மடங்கிக் கொடுக்கும் சுவர் குறைந்துபோகிறது. 20 அங்குல அலாய் வீலில் காற்றை இறக்கிக் கல்லில் ஏறுவது ரிம்மைக் காணிக்கை கொடுப்பது போல.

சரி, விட்டம் கூடுவதால் வேறு இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, படி ஏறுவது. 20 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லொன்று குறுக்கே இருக்கிறது. ஓடுசக்தி இல்லாத ஒரு சக்கரத்தை அதன்மேல் இழுத்து ஏற்ற, 33 அங்குல டயரென்றால் அது சுமக்கும் எடையைப்போல் 1.6 மடங்கு விசை வேண்டும். 37 அங்குலமென்றால் 1.4 மடங்கு போதும். எட்டில் ஒரு பங்கு மிச்சம்.

இரண்டாவது, தரை இடைவெளி. இங்கேதான் லிஃப்ட் கிட் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ரேங்ளர் போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் முழு ஆக்சில் இருக்கிறது. அதன் நடுவே டிஃபரன்ஷியல் பூசணிக்காயாய்த் தொங்குகிறது. பாதையில் கல்லை முதலில் முத்தமிடுவது அதுதான். சஸ்பென்ஷனை நான்கு அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. ஆக்சில் டயரின் மையத்தில் இருக்கிறது. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. அதுவும் பாதிதான் கிடைக்கும். 33-லிருந்து 35-க்குப் போனால் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஓர் அங்குலம். 37-க்குப் போனால் இரண்டு. லிஃப்ட் உயர்த்துவது உடலை. வண்டியின் வயிறு மேட்டில் தட்டாமல் இருக்கவும், பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் பண்ணவும்தான் அது உதவும்.

ஐஸ்லாந்துக்காரர்கள் உரசலுக்கு வேறு தீர்வு கண்டார்கள். தூக்குவதைவிட வெட்டுவதையே அதிகம் நம்புகிறார்கள்: சக்கர வளைவின் தகட்டை அறுத்துப் பெரிதாக்கி, மேலே அகலமான ஃப்ளேர் ஒட்டுகிறார்கள். வண்டி அவ்வளவு உயரவில்லை, டயருக்கு இடம் கிடைத்துவிட்டது. தகட்டை அறுக்க மனசு வராதவர்கள்தான் உயர்த்திக்கொண்டே போகிறார்கள்.

இனி செலவுக் கணக்கு. டயர் பெரிதானால் எஞ்சினுக்கு எதிரே நெம்புகோல் நீள்கிறது. ரூபிகானின் ஆக்சில் கியர் விகிதம் 4.10. 33-ஐக் கழற்றி 37-ஐ மாட்டினால் அது 3.66 இருந்ததுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு கியரும் சற்றுக் கனத்துப்போகும், மலையில் அடிக்கடி கீழ்க் கியருக்கு வரவேண்டும். பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 4.60 வேண்டும். கூடுதல் எடைக்கும் சேர்த்து 4.88 போடுவதுதான் வழக்கம். அதாவது முன்னும் பின்னும் இரண்டு கிரவுன்-பினியனையும் மாற்ற வேண்டும், அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த கை வேண்டும். அன்டார்க்டிகா போன சாண்டா ஃபேயின் சக்கர மையத்துக்குள் கூடுதல் கியர் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

37-ஐ மாட்டிய வண்டியில் ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 112-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இதை மென்பொருளில் திருத்திவிடலாம். பிரேக்கை அப்படித் திருத்த முடியாது. காலிப்பர் கொடுக்கும் திருப்புவிசை மாறவில்லை, ஆரம் கூடிவிட்டது. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சுழலும் நிறையும் சேர்ந்துகொள்கிறது. 25 கிலோ டயருக்குப் பதில் 32 கிலோ டயர் என்று வைத்துக்கொண்டால், எடை கூடியது 28 சதவீதம். ஆனால் சுழல் நிலைமம் ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் அது சுமார் 60 சதவீதம் கூடுகிறது. புறப்படும்போது மந்தமும் நிறுத்தும்போது தயக்கமும் ஓட்டுநருக்கு முதல் நாளே தெரியும். ஆக்சில் தண்டு, பால் ஜாயின்ட், வீல் பேரிங் மூன்றும் தாங்கும் சுமை கூடியிருப்பது தெரிய ஓராண்டு ஆகலாம்.

இந்தச் சங்கிலியை ஜீப் நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021-இல் ரேங்ளருக்கு 35 அங்குல டயரைத் தொழிற்சாலையிலேயே கொடுக்கத் தொடங்கியபோது, டயரோடு 4.56 கியர், ஒன்றரை அங்குல லிஃப்ட், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்தே வந்தன. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனத்துவிட்டதால் கதவுக் கீலைக்கூட வலுப்படுத்தினார்கள். இரண்டு அங்குலத்துக்கு இவ்வளவு! நாம் ஒரு மதியத்தில் நான்கு அங்குலம் ஏற்றிவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம்.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். வண்டியைத் தூக்கும்போது ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. ஆக்சில் சற்றுச் சுழன்றுவிடுகிறது. முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராக வருவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் டிராக் பார் சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். இவற்றைச் சரிசெய்யும் நீளம் மாற்றக்கூடிய கைகளும் பாரும் உள்ள கிட்தான் முழுமையான கிட். நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்கும் மட்டும் உள்ள பெட்டியை மலிவு என்று வாங்காதீர்கள். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் போன்றவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. அங்கே இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் சி.வி. ஜாயின்ட்டின் கோணம் அளவுக்கு மீறிக் கூடி, ரப்பர் உறை கிழிந்து, மண் உள்ளே போகும்.

ஸ்ட்ரட்டின் மேல் வைக்கும் ஸ்பேசர்கள் மலிவானவை. அவை வண்டியின் உயரத்தை மாற்றுகின்றன. ஸ்பிரிங், ஷாக் இரண்டின் வேலையிலும் ஒரு மாற்றமும் செய்வதில்லை. ஆஃப்-ரோடில் வேண்டியது உயரத்தைவிடச் சக்கரத்தின் ஓட்டம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது அது தரையை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும். காற்றில் சுழலும் சக்கரத்தில் 37 அங்குலம் இருந்தென்ன! முழு ஆக்சில் வண்டியில் ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் தானாகக் கீழே அழுந்தும். இந்த அசைவைத் தடுப்பது ஸ்வே பார். ரூபிகானில் முன் ஸ்வே பாரை ஒரு பொத்தானில் கழற்றிவிடும் வசதி இருப்பது அதனால்தான்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில் பலர் உயரத்தைக் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது எடை. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமூ போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு, நிரந்தரமாக ஏற்றும் சுமையின் அளவைப் பொறுத்துத் தனித்தனி ஸ்பிரிங் தருகிறார்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் கூரைக் கூடாரமும் இருந்தால் ஒன்று. ஒன்றுமே இல்லையென்றால் வேறொன்று. சுமை இல்லாத வண்டியில் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால், அது அழுந்தவே மறுக்கும். டயர் குண்டுகுழியில் குதித்துக் குதித்துப் பிடிப்பை இழக்கும். ஷாக் அப்சார்பரின் வேலை அசைவை வெப்பமாக மாற்றுவது. அலையலையாக வரிவிழுந்த மண்ரோட்டில் ஒரு மணிநேரம் ஓடினால், சாதாரண ஷாக்கின் எண்ணெய் சூடேறி நுரைத்து, ஷாக் இருந்தும் இல்லாததுபோல் ஆகும். கனமான டயர் அந்த வேலையை இன்னும் கூட்டுகிறது. நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்த மோனோட்யூப் ஷாக்குகளுக்கும், தனிக் குப்பி வைத்த ஷாக்குகளுக்கும் கூடுதல் பணம் கொடுப்பது இந்த நுரையைத் தவிர்க்க. என்னைக் கேட்டால் லிஃப்ட்டில் ஓர் அங்குலத்தைக் குறைத்து அந்தப் பணத்தை ஷாக்கில் போடுவேன்.

உயரத்துக்கு இன்னொரு விலை உண்டு. சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் அபாயத்தை மதிப்பிடப் பயன்படுத்துகிறது. சக்கரங்களுக்கிடையே 160 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று ஒரு வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள்: 1.14. மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் சரியாக 1. காய்ந்த தார்ரோட்டில் நல்ல டயரின் பிடிமானம் இதற்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குமேல், திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் சறுக்குவதற்குப் பதில் கவிழும் நிலைமை.

குறைந்த காற்றுக்கும் ஓர் எச்சரிக்கை. காற்றை இறக்கிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடிய அந்த டயர்களின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்திருந்தார்கள். காரணங்கள் பல பேசப்பட்டன. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. குறைவு என்பது அவற்றில் ஒன்று. மணலிலிருந்து தாருக்கு வந்தவுடன் காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. டயரின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாத சாதாரண ரிம்மில் 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடவும் கூடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்றாக இருக்கலாம். டயர் கடைக்காரர் அப்போது உங்களோடு நிற்கமாட்டார்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இப்போது இருக்கும் டயரோடு, ஒரு நல்ல பிரஷர் கேஜும் சிறிய கம்ப்ரசரும் வாங்குங்கள். மணலிலும் கல்லிலும் 18 பி.எஸ்.ஐ.யில் ஓட்டிப் பாருங்கள். எங்கே தட்டுகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டிஃபரன்ஷியலில் கீறல் இருந்தால் டயர் போதவில்லை. வயிற்றில் கீறல் இருந்தால் லிஃப்ட் உதவும். இரண்டிலும் கீறல் இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். டயர்தான் வேண்டுமென்று தெரிந்தால், வேலைக்குப் போதுமான மிகச் சிறிய அளவை எடுங்கள். அது மட்கார்டில் உரசாத அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். 35-க்கு மேல் போக ஆசையென்றால், கிரவுன்-பினியனுக்கும் பிரேக்குக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் 33-இலேயே இருங்கள்.